காற்று திரும்பிய பக்கம்

கையை உள்ளே விட்டு வெளியே எடுக்கக் குழாய் அண்ணனுக்கு நான்கு விநாடி போதும். தலைக்கு மேலே ஓடும் தண்டவாளத்தில் தலைகீழாகத் தொங்கியபடி நகர்ந்து வரும் பன்றியின் மார்பு ஏற்கெனவே பிளந்திருக்கும். இடது கையால் குரல்வளையைப் பிடித்து, வலது கைக் கத்தியால் சுற்றிலும் ஒரு வெட்டு, பிறகு ஒரே இழுப்பு. மூச்சுக்குழாய், இரண்டு நுரையீரல், இதயம், ஈரல் எல்லாம் ஒரே கொத்தாகக் கையோடு வந்துவிடும். வரும்போது சேற்றிலிருந்து காலைப் பிடுங்கினாற்போல ஒரு சத்தம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கே வாந்தி எடுப்பார்கள். இரண்டாவது வாரம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே விசிலடிப்பார்கள். குழாய் அண்ணன் இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அதைக் கேட்டு வந்தார். அவர் விசிலடித்ததும் இல்லை, வாந்தி எடுத்ததும் இல்லை.

அந்தக் கசாப்புக் கூடத்தில் யார் எந்த உறுப்பைப் பிடிக்கிறாரோ அதுதான் அவருக்குப் பெயர். எதிர்ப்பக்கம் நின்று குடலைச் சரித்து எடுப்பவர் குடல். கடைசியில் காலை அறுப்பவர் குளம்பு. இதற்கு விலக்கு ஒரே ஆள்தான். குழாய் அண்ணனுக்கு இடது பக்கம், இரண்டடி தள்ளி நின்று, அவர் போடும் கொத்தை வாங்கி ஈரல் வேறு இதயம் வேறாக அறுத்து மாட்டுகிறவன். அவன் பெயர் மாப்பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குழாய் அண்ணன்தான் அவனைத் தோளில் கை போட்டுக் கூட்டி வந்து, "இவர் நம்ம மாப்பிள்ள" என்றார். தங்கச்சி புருஷன். அன்றிலிருந்து மேற்பார்வை பார்க்கிற சூப்பர்வைசர்வரை எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். இப்போது அவனை அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள், அப்படிக் கூப்பிட உரிமை உள்ள ஒரே ஆள்.

அது இரண்டு வருடக் கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி வீட்டுக்குப் போனவர் அவள் கன்னத்தில் நான்கு விரல் தடத்தைப் பார்த்தார். குழாய் அண்ணனுக்கு எப்போதும் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு சுவரில் போய் விழுந்தான். முன்பல் ஒன்று தரையில் உருண்டது. விழுந்தவன் கழுத்தின் மேல் முழங்காலை வைத்து இவர் அமுக்க, தங்கச்சி பின்னாலிருந்து தோளை அடித்துப் பார்த்தாள், தலைமுடியை இழுத்துப் பார்த்தாள், கடைசியில் அண்ணன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு தட்டும்வரை கடித்தாள். அப்போதுதான் விட்டார்.

"என் புருஷனை நான் பாத்துக்கறேன். நீ போ" என்றாள், உதட்டில் அண்ணன் ரத்தத்தோடு.

அவள் பார்த்துக்கொண்டாள்தான். பத்து நாள் அவனை வீட்டில் தனியாகத் திண்டாட விட்டுவிட்டு ஒரு தோழி வீட்டில் போய் இருந்தாள். அவன் போய் வாசலில் நின்று அழைத்து வந்தான். மறுபடி கை ஓங்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் அது முடிந்துபோயிற்று. மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில்தான் முடியவில்லை. வாசல் மிதிப்பதில்லை, பேச்சில்லை. வேலையிடத்தை மட்டும் யார் மாற்றிக் கொடுப்பார்கள்? இரண்டடி தூரத்தில் எட்டு மணி நேரம் கத்தியும் கையுமாக நின்று, குடல் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

"குடலு, அவர்கிட்ட சொல்லு, ஈரல்ல கத்தி படுது."

"அண்ணே, ஈரல்ல கத்தி படுதாம்."

"பட்டா படட்டும்னு சொல்லு."

"படட்டுமாம் மாப்பிள. ஏம்ப்பா, எனக்கு இதுக்குத் தனியா ஒரு சீருடை வாங்கிக் குடுங்களேன். தபால்காரன் தொப்பி மாதிரி."

கூடம் சிரிக்கும். இவர்கள் இருவரும் சிரிக்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் ஐஸ் பெட்டியோடு வருவாள். ஆறு மூச்சுக்குழாய் வேண்டும். பன்றியின் மூச்சுக்குழாயும் மனிதனுடையதும் அநேகமாக ஒரே மாதிரி என்பதால், அதன் உள்தோலை உரித்து வளர்த்து, காய்ச்சல் கிருமி எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கிறார்களாம். கூடத்துக்குள் வந்து மூக்கைப் பொத்தாத ஒரே வெளியாள் அவள். அதனாலேயே குழாய் அண்ணனுக்கு அவள் மேல் மரியாதை. அந்த மரியாதையில் ஒரு காரியம் செய்வார். கசாப்புக் கழிவைக் கொடுக்கிற மாதிரி கொடுக்கக் கூடாது என்று, ஒவ்வொரு குழாயையும் எந்திரங்களைச் சுத்தம் செய்கிற காற்றுக் குழலின் முனையில் செருகி, ஒரு அழுத்து அழுத்துவார். புஸ் என்று சளியெல்லாம் மறுமுனை வழியாகப் பறந்துபோகும். பிறகு சுடுதண்ணீரில் ஒரு முக்கு. பளபளவென்று வெள்ளை வளையங்களாகக் குழாய் வந்து நிற்கும்.

அவளோ இரண்டு மாதமாக ஒரே புலம்பல். "உங்ககிட்ட வாங்கறது மட்டும் ஏன்ணே செத்தே வருது? உள்தோல்ல ஒரு செல்லுகூட உயிரோட இல்ல."

"பன்னியே செத்துத்தானே வருது மேடம்" என்பார்.

அவர் சுத்தம் செய்வது அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வேண்டியதைத்தான் தாம் அடித்து விரட்டுகிறோம் என்று இவருக்கும் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை இறங்கிய லாரியில் பன்றிகள் இருமின. மனிதன் இருமுகிற மாதிரியும், நாய் குரைக்கிற மாதிரியும், மாறி மாறி. மூக்கில் நுரை. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, அடித்தால்கூட எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தன. சூப்பர்வைசர் வந்து பார்த்தார். "லாரியில தூசு. ஓட்டு, ஓட்டு" என்றார். ஷாக் அடிக்கிற கம்பியால் குத்திக் குத்தி ஓட்டினார்கள்.

அன்றைக்குக் கையில் வந்த நுரையீரல்கள் வழக்கமான இளஞ்சிவப்பில் இல்லை. ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாக, அடிவாங்கிய சதை மாதிரி, கனமாக இருந்தன. மூச்சுக்குழாய்க்குள் பசை அடைத்திருந்தது. குழாய் அண்ணன் முதல் குழாயைக் காற்றில் செருகி அழுத்தினார். அடைப்பு சட்டென்று விடவில்லை, பிறகு ஒரே வெடிப்பாக விட்டது. மறுமுனை இடது பக்கம் திரும்பியிருந்தது. அத்தனையும் மாப்பிள்ளையின் முகத்தில்.

அது தெரியாமல் நடந்தது. அப்போது 'தள்ளி நில்லு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பேச்சில்லையே. குடல் அந்த நேரம் பார்த்துக் கத்தி தீட்டப் போயிருந்தார். மாப்பிள்ளை தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரைப் பார்த்தான். கண் இமை மயிரில் சளி தொங்கியது. உடைந்த பல்லின் இடைவெளி தெரிய வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, குழாய் அண்ணனுக்குள் இரண்டு வருடமாக மடங்கிக் கிடந்த ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது குழாயைச் செருகும்போது முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார். மாற்றவில்லை. அழுத்தினார். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது. ஆறாவதை அழுத்தும்போது ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது, பல் குத்திய இடத்தை நாக்கால் தடவுகிற சந்தோஷம். மாப்பிள்ளை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. மரம் மாதிரி நின்று ஆறையும் வாங்கிக்கொண்டான்.

குழாய் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காற்றுக்குப் பின்னால் நின்றவர்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை இரும ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை அவன் கத்தி நடுங்கியது, ஒரு தடவை இரும்பு வலைக் கையுறை மேலேயே வெட்டிக்கொண்டான். சனிக்கிழமை கண் இரண்டும் வெந்தாற்போலச் சிவந்து, உதடு வெளுத்து, மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தடவையும் தோள்பட்டை ஏறி இறங்க நின்றான். இரண்டடி தூரத்தில் அந்த மூச்சு ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி கேட்டது. 'வீட்டுக்குப் போய்ப் படுடா' என்று யாராவது சொல்லியிருக்கலாம். குடல் சொன்னார். மாப்பிள்ளை குழாய் அண்ணன் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "எனக்கொண்ணும் இல்ல" என்று அடுத்த ஈரலை அறுத்தான்.

திங்கட்கிழமை காலை கழுவுமிடத்தில், மருந்துக் கேன்களுக்கு நடுவில், தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்புற விழுந்தான். நெற்றி தரையில் மோதி ரத்தம் சாக்கடையோடு போயிற்று. சூப்பர்வைசர் தம் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். பத்து மணிக்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவியது. கழுவுகிற மருந்தின் நெடியை மூச்சில் இழுத்துவிட்டானாம். அவன் கவனக்குறைவாம்.

வியாழக்கிழமையிலிருந்தே இருமுகிறான் என்று குழாய் அண்ணனுக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது?

மத்தியானம் அலுவலகத்துக்கு அவருக்குத் தொலைபேசி வந்தது. ஆய்வுக்கூடப் பெண்.

"அண்ணே, போன செவ்வாக்கிழமை குடுத்த பன்னிங்க இருமுச்சா?"

"ஏன் மேடம்?"

"ஆறு குழாயிலயும் கிருமி இருக்கு. வேலை முடிஞ்சதும் இங்க வாங்க."

ஆய்வுக்கூடம் நாலு தெரு தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் மாடி. வாசலிலேயே கை கழுவச் சொன்னாள். நுண்ணோக்கியோடு இணைத்த திரையில் முதலில் வேறெங்கிருந்தோ வந்த உயிருள்ள உள்தோலைக் காட்டினாள். கோடிக்கணக்கான மயிர்கள், ஒரு விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை, எல்லாம் ஒரே பக்கமாக வீசி வீசிச் சளியை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருடமாக அறுத்தெறிந்த குழாய்க்குள் இப்படி ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"இது யாரு பெருக்கறா?" என்றார்.

"யாரும் இல்லண்ணே. தானா பெருக்கும். உள்ள வர்ற தூசு, கிருமி எல்லாத்தையும் தொண்டைக்குத் தள்ளிவிடும். இப்ப இதைப் பாருங்க." அடுத்த படம். மயிர் உதிர்ந்து, செல்கள் பிய்ந்து, அடித்தோல் வெளியே தெரிய, தீப்பிடித்த குடிசை வரிசை மாதிரி இருந்தது. "காய்ச்சல் கிருமி விட்ட மூணாம் நாள்."

"இத்துனூண்டு கிருமியா இப்படிப் பண்ணுது?"

அவள் அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். கொக்கியிலிருந்து ஆரம்பித்தாள். செல்லின் மேலெல்லாம் சர்க்கரைத் தொங்கல் இருக்கிறது. கிருமியின் மேலிருக்கிற முள் அதைத்தான் பிடிக்கும், கொக்கியில் சதை மாட்டுகிற மாதிரி. சளியிலும் அதே சர்க்கரை உண்டு, கிருமியை ஏமாற்றிச் சிக்கவைக்க. சிக்கினால் கிருமியிடம் கத்தரிக்கோல் இருக்கிறது, வெட்டிக்கொண்டு வந்துவிடும்.

"அப்புறம் கதவை உடைக்குமா?"

"உடைக்கவே வேணாம். செல்லே முழுங்கிடும். முழுங்கின பை உள்ள போகப் போகப் புளிச்சுப்போகும். அந்தப் புளிப்பு பட்டதும் முள்ளு முறுக்கிக்கிட்டுப் பையோட தோலைக் குத்திக் கிழிக்கும். உள்ள இருந்து எட்டுத் துண்டு கொட்டும். அந்த எட்டும் செல்லோட நடு அறைக்குப் போய் உக்காந்துக்கிட்டு, இனிமே உன் வேலையைப் பாக்காத, என் வேலையைப் பாருன்னு சொல்லும்."

"சூப்பர்வைசர் மாதிரி."

"அதேதான். அரை நாள்கூட வேணாம், ஆயிரக்கணக்குல புதுக் கிருமி வெளிய வரும். வரும்போது அதே சர்க்கரையில ஒட்டிக்கும். மறுபடி கத்தரிக்கோல். வெட்டிக்கிட்டு அடுத்த செல்லுக்குப் போயிடும். வேலை செஞ்ச செல்லு செத்துடும்."

மாட்டி, பிளந்து, காலி செய்து, அடுத்தது. குழாய் அண்ணனுக்கு அந்த வேலை தெரியும். அவருடைய வேலைதான்.

"மூக்கு, தொண்டையோட நின்னா காய்ச்சல், உடம்பு வலி, ஒரு வாரம் படுத்து எந்திரிச்சிடலாம். கீழ நுரையீரல் பைகளுக்கு இறங்கிடுச்சுன்னா தண்ணி கோத்துக்கும், ஆள் உள்ளுக்குள்ளயே மூழ்கிடுவான். அப்ப மூக்குல குச்சி விட்டுப் பார்த்தா சில சமயம் ஒண்ணுமே தெரியாது. அது கீழ போயிருக்கும். சரி, நீங்க இதை எப்படி எடுக்கறீங்க? உள்தோல் ஏன் எனக்கு உரிஞ்சே வருது?"

அவர் காற்றுக் குழலைப் பற்றிச் சொன்னார். சுத்தமாகக் கொடுக்கத்தான் என்றார். சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தார்.

"சளியோட சேர்த்துக் காத்தடிச்சா அது பனி மாதிரி பறக்குமேண்ணே. பக்கத்துல யாராவது நின்னாங்களா?"

"நின்னான்."

"தள்ளி நிக்கச் சொன்னீங்களா?"

அவர் நாற்காலியை இடித்துத் தள்ளிவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அதுக்கு மருந்து இருக்கா?" என்றார்.

"அந்தக் கத்தரிக்கோலை மழுங்கடிக்கிற மருந்து இருக்கு. எவ்வளவு சீக்கிரம் குடுக்கறாங்களோ அவ்வளவு நல்லது. இப்பவே லேட்டு" என்று தன் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அவர் கையில் திணித்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. தீவிர சிகிச்சை அறை வாசலில் தங்கச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் சூப்பர்வைசர், மடியில் ஆரஞ்சுப் பையோடு. அண்ணனைப் பார்த்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ன, செத்துட்டாரான்னு பாக்க வந்தியா?"

குழாய் அண்ணன் சூப்பர்வைசரைப் பார்த்தார். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

சூப்பர்வைசர் அவர் தோளைத் தொட்டு மாடிப்படி திருப்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார். "கழுவுற மருந்து நெடின்னு சொல்லியிருக்கேன். மூக்குல குச்சி விட்டுப் பாத்தாங்க, அதுலயும் ஒண்ணும் இல்ல. நெடிக்குத்தான் வைத்தியம் நடக்குது. நடக்கட்டும். பன்னிக்குக் காய்ச்சல்னு வெளிய போச்சுன்னா நாளைக்கே சீல் வைப்பான். இருநூறு பேர் வீட்டுல உக்காரணும். நீ ஏன் இதுல வர்ற? உனக்கும் அவனுக்கும்தான் பேச்சே கிடையாதே."

அந்தக் கடைசி வாக்கியம் முடிவதற்குள் சூப்பர்வைசரின் பின்தலை சுவரில் மோதியது. ஆரஞ்சுகள் படிப்படியாகக் குதித்து இறங்கின. இடது கை குரல்வளையில். அந்தக் கைக்கு வேறு எப்படியும் பிடிக்கத் தெரியாது. கட்டைவிரலுக்கு அடியில் வளையங்கள் தட்டுப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. பன்றியினுடையதைவிடச் சிறியது, மெல்லியது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அமுக்கினால் போதும் என்று விரலுக்குத் தெரிந்தது. சூப்பர்வைசரின் கால் தரையைத் தேடியது, கண் பிதுங்கியது, ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியைக் கிழிக்கிற சத்தம். சனிக்கிழமை முழுக்க இரண்டடி தூரத்தில் கேட்ட அதே சத்தம்.

கையை எடுத்தார். இரக்கத்தால் இல்லை. உடனே டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, இந்த ஆள் வழியில் நின்ற ஒருவர், அவ்வளவுதான்.

டாக்டர் தீவிர சிகிச்சை அறை வாசலில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், இளைஞர், தூங்கி இரண்டு நாளானவர் மாதிரி. தங்கச்சியும் அங்கேதான் இருந்தாள். அவளை வேறெங்காவது அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அனுப்பவில்லை.

"அது நெடி இல்ல சார். பன்னிக் காய்ச்சல். செவ்வாக்கிழமை பன்னிங்க இருமிக்கிட்டு வந்துச்சு. அதோட மூச்சுக்குழாயில காத்தடிச்சேன். அவன் மூஞ்சியில பட்டுச்சு. ஆறு தடவை."

"ஆறு தடவையா? நகர மாட்டாரா மனுஷன்?"

"முதல் தடவை தெரியாம. மீதி அஞ்சு..." அவர் தங்கச்சியைப் பார்த்தே சொன்னார். "மீதி அஞ்சும் தெரிஞ்சு. அவன் பக்கம்தான் திரும்பியிருக்குன்னு தெரிஞ்சேதான் அழுத்தினேன்."

ஆய்வுக்கூடப் பெண்ணின் எண் இருந்த தாளை நீட்டினார். டாக்டர் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

தங்கச்சி எழுந்து வந்தாள். நிதானமாகத்தான் வந்தாள். முதல் அடி கன்னத்தில். இரண்டாவதும் கன்னத்தில். மூன்றாவது காதில் விழுந்தது, உள்ளே ஏதோ மணி அடித்தது. அவர் கையைத் தூக்கவில்லை.

"என்னை அடிச்சாருன்னுதானே அவரை அடிச்ச? அதை நானே விட்டுட்டேன். உனக்கு என்னடா? வாயைத் தொறந்திருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் மாப்பிள்ளையின் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். மூச்சுக்குப் போராடுகிற உடம்பு கட்டிலை உதைத்தது. ஊசி ஏறியதும் தளர்ந்தது. டாக்டர் தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் திறந்து, இரும்பு அலகை நாக்கின் மேல் வைத்து நெம்பி, தொண்டைக்குள் ஒரு குழாயை இறக்கினார். குழாய் அண்ணன் வாழ்நாள் முழுக்க வெளியே இழுத்த இடத்தில் வேறொருவர் ஒன்றை உள்ளே தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் குழாய் வழியாகவே நுரையீரலின் அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். அதில் கிருமி இருந்தது. மருந்தைக் கரைத்து மூக்கு வழியாக வயிற்றுக்குச் செலுத்தினார்கள்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். சூப்பர்வைசர் சொன்னது அந்த ஒரு விஷயத்தில் சரி, சீல் வைத்தார்கள். பட்டியில் நின்ற நானூறு பன்றிகளையும் கொன்று குழியில் தள்ளினார்கள். அவற்றின் கொத்தை யாரும் இழுக்கவில்லை. கூடத்தில் வேலை செய்த எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்கள். குளம்புக்கு லேசாகக் காய்ச்சல், நாலு நாளில் எழுந்துவிட்டார். மற்ற இருநூறு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

அவர்களில் மூன்று பேர் ஒரு நாள் சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போகிற தெருவில், இழுத்து மூடிய ஒரு கடையின் ஷட்டருக்கு எதிரே குழாய் அண்ணனை நிறுத்தினார்கள். குடலும் இருந்தார். பேச்சு நீளவில்லை. முதல் குத்தில் ஷட்டர் அதிர்ந்தது. விழுந்ததும் பூட்ஸ் கால்கள். விலா எலும்பு ஒன்று சுள்ளி மாதிரி முறிவது அவருக்கே கேட்டது.

"இத்தனை நாள் உன் சேதியைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன் பாரு" என்றார் குடல், மூச்சு வாங்க. "போய் மாப்பிள்ளைகிட்ட சொல்றேன், நீ விழுந்துட்டேன்னு." சொல்லிவிட்டு இன்னொரு உதை விட்டார். பிறகு அவரே கையைக் கொடுத்துத் தூக்கி உட்கார வைத்து, ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு குழாய் அண்ணனுக்கு ஒவ்வொரு மூச்சும் கத்தியாக இறங்கியது. உட்கார்ந்தால் ஒரு குத்து, நிமிர்ந்தால் ஒரு குத்து. மூச்சு என்பது இவ்வளவு வேலையா என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வராந்தாவின் ஒரு கோடியில் அவர், மறு கோடியில் தங்கச்சி. ஐந்தாம் நாள் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறியது. கிருமி உரித்துப்போட்ட வெறும் சுவரில் வேறு கிருமிகள் குடியேறிவிட்டன என்றார் டாக்டர், அதற்கும் மருந்து மாற்றினார். அன்றைக்குத் தங்கச்சி வராந்தாவின் இந்தக் கோடிவரை நடந்து வந்தாள். அண்ணன் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். ஒரு தம்ளர் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒன்பதாம் நாள் அவன் தொண்டைக் குழாயை வெளியே எடுத்தார்கள்.

பதினொன்றாம் நாள் சாதாரண வார்டு. மாப்பிள்ளை தலையணை மூன்று வைத்துச் சாய்ந்திருந்தான். பாதியாகியிருந்தான். பல் இல்லாத இடம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. குழாய் அண்ணன் கதவருகில் நின்றார், விலாவைப் பிடித்துக்கொண்டு. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பெண்டாட்டி பக்கம் திரும்பினான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "அவர்கிட்ட சொல்லு. முதல் தடவை தெரியாமதான் பட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். மீதி அஞ்சும் தெரியும்."

தங்கச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் ஒண்ணும் குடல் இல்ல. நீயே சொல்லு."

பக்கத்துக் கட்டில்காரர் ஆவலாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தெரியுமில்ல" என்றார் குழாய் அண்ணன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. "அப்ப ஏன் நகரல?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தான். "நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். திட்டியாவது சொல்வீங்கன்னு. ஒவ்வொரு தடவையும், இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு..."

முடிக்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே கட்டிலிலிருந்து எகிறியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. தங்கச்சி தண்ணீருக்கு ஓடினாள். குழாய் அண்ணன் விலா குத்தக் குத்தக் கட்டிலுக்கு வந்து, கீழிருந்த தட்டை எடுத்து அவன் வாய்க்கு நேரே பிடித்தார். இன்னொரு கையை அவன் பிடரிக்குக் கொடுத்தார். அந்தக் கைக்கு அப்படிப் பிடித்துப் பழக்கமில்லை. எங்கே அமுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தது.

"ஐயா, மாஸ்க்கு, மாஸ்க்கு" என்று நர்ஸ் கத்தினாள். "இருமறவர் மூஞ்சிக்கு நேரா நிக்கறீங்களே, அறிவிருக்கா?"

மாப்பிள்ளை இருமலுக்கு நடுவில் கையை உயர்த்தி அவர் மார்பைத் தள்ளினான். பலமே இல்லாத தள்ளல். முறிந்த எலும்பின் மேல் சரியாகப் பட்டது. அவருக்குக் கண் இருட்டியது.

"தள்ளி நில்லுங்க மச்சான்" என்றான்.

அவர் தட்டை இன்னும் கொஞ்சம் அருகே கொண்டுபோனார்.